ஒரே ஒரு முறை ஒளிரும் விளக்கு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

'விளக்கு' என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது எது? மாலையில் ஏற்றுகிறோம், இரவில் அணைக்கிறோம், மறுநாள் மீண்டும் ஏற்றுகிறோம். அகல் விளக்கானாலும் மின்விளக்கானாலும் பலமுறை பயன்படுவதே விளக்கின் இயல்பு. ஆனால் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு வினாடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளிர்ந்துவிட்டு, அதோடு தன் வேலை முடிந்தது என்று கருகிப் போகும் விளக்கு ஒன்று இருந்தது. அதுதான் பழைய காமிராக்களில் பயன்பட்ட பிளாஷ் பல்பு. அதைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் விஞ்ஞானமும் உண்டு. எங்கள் குடும்பத்தில் வெகு காலமாக இருந்துவந்த ஒரு வருத்தம் தீர்ந்த கதையும் உண்டு.

பெட்டியில் கிடைத்த கனசதுரம்

சென்ற கோடை விடுமுறையில் தாத்தாவின் தகரப் பெட்டியைத் துடைத்து அடுக்கும் வேலையை அம்மா என்னிடம் ஒப்படைத்தார்கள். பழைய ரசீதுகளுக்கும் மூக்குக் கண்ணாடிக் கூடுகளுக்கும் நடுவே ஒரு சிறிய காமிரா இருந்தது. அதன் அருகில், பஞ்சில் சுற்றி வைக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் கட்டி கிடைத்தது. ஓர் அங்குல அளவுள்ள கனசதுரம். அதன் நான்கு பக்கங்களிலும் நான்கு சிறிய கண்ணாடிக் குமிழ்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பளபளக்கும் தகடு. மூன்று குமிழ்கள் தீயில் வாட்டியது போல் கொப்புளித்து மங்கிக் கிடந்தன. நான்காவது மட்டும் தெளிவாக இருந்தது. அதனுள்ளே சிலந்தி வலை போல் வெள்ளி இழைகள் தெரிந்தன.

"இது என்ன, தாத்தா?" என்று கேட்டேன்.

"பிளாஷ் கட்டி, பாப்பா. சின்னத் தாத்தா 1975இல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது காமிராவோடு மூன்று கட்டி கொண்டு வந்தான். இரண்டை அவனே ஒரு கல்யாணத்தில் தீர்த்துவிட்டான். இது ஒன்றுதான் எனக்கு மிச்சம். நாலு படம் எடுக்கலாம். மூன்று எடுத்தேன்" என்றார் தாத்தா.

"நாலாவது?"

தாத்தா பதில் சொல்லவில்லை. ஆல்பத்தைக் கொண்டு வரச் சொன்னார். முதல் படத்தில் பூட்டி சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். இரண்டாவது படத்தில் என் அப்பா நடைவண்டியைப் பிடித்து நிற்கிறார். மூன்றாவது படம் ஏறக்குறைய முழுவதும் கறுப்பு. கீழ்ப் பக்கத்தில் சிலரின் பின்னந்தலைகள் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளையாக இருக்கின்றன. நடுவில், அந்தக் கறுப்புக்குள், ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

அது 1977இல் நம் பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படம். என் அத்தை அப்போது இங்கே எட்டாம் வகுப்பு மாணவி. நாடகத்தில் கண்ணகி வேடம். அந்த வெள்ளைப் புள்ளி, அத்தை தூக்கிப் பிடித்த சிலம்பு! "அப்பா என்னைத் தவிர எல்லாரையும் படம் பிடித்தார்" என்று அத்தை இன்று வரை கேலி செய்வது வழக்கம். எல்லோரும் சிரிப்பார்கள். தாத்தாவும் சிரிப்பார். ஆனால் அந்தப் படத்திற்குப் பிறகு அவர் நான்காவது பல்பைத் தொடவே இல்லை.

"நான் சரியாகத்தான் அழுத்தினேன், பாப்பா. பல்பும் பளிச்சென்று எரிந்தது. என்ன தப்பு செய்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

மக்னீசியம் தந்த ஒளி

நம் அறிவியல் ஆய்வகத்தில் சிஸ்டர் ஒரு துண்டு மக்னீசியம் நாடாவை இடுக்கியால் பிடித்து எரித்துக் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். "நேராகப் பார்க்காதீர்கள்!" என்று எச்சரித்துவிட்டுத்தான் எரித்தார்கள். அந்தக் கண்ணைப் பறிக்கும் வெண்ணொளிதான் பிளாஷ் பல்பின் மூதாதை.

பழைய காலத்தில் புகைப்படம் எடுக்கச் சூரிய ஒளியையே நம்பியிருந்தனர். இரவிலும் குகையிலும் சுரங்கத்திலும் படம் எடுப்பது இயலாத காரியமாக இருந்தது. 1859இல் ராபர்ட் புன்சன், ஹென்றி ராஸ்கோ என்ற இரு விஞ்ஞானிகள், எரியும் மக்னீசியத்தின் ஒளி புகைப்படக் கலைக்கு உதவும் என்று எடுத்துக் காட்டினர். ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் புன்சன் அடுப்பு இவர் பெயரைத் தாங்கியதே. 1864இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஆல்பிரட் பிரதர்ஸ் என்பவர் டெர்பிஷயர் பகுதியில் உள்ள ஒரு குகைக்குள் மக்னீசிய நாடாவை எரித்துப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டே சார்லஸ் பியாஸி ஸ்மித் என்ற வானநூல் அறிஞர் எகிப்து நாட்டின் பெரிய பிரமிடுக்குள் இதே முறையில் படம் எடுத்தார். பல நூற்றாண்டுகளாக இருட்டில் கிடந்த கற்சுவர்களைக் காமிரா கண்டது.

ஆனால் நாடா மெதுவாக எரிகிறது. அது எரிந்து முடியும் வரை எதிரில் இருப்பவர் அசையாமல் இருக்க வேண்டும். கற்சுவருக்கு அது எளிது, குழந்தைக்கு எளிதா?

ஆபத்தான பொடி

1887இல் ஜெர்மனி நாட்டின் அடால்ப் மீத்தே, யோஹன்னஸ் கேடிக்கே ஆகிய இருவர் மக்னீசியத்தைப் பொடியாக்கி, அதனுடன் பொட்டாசியம் குளோரேட்டும் ஆண்டிமணி சல்பைடும் கலந்தனர். பொட்டாசியம் குளோரேட் தன்னிடமுள்ள ஆக்ஸிஜனை வாரி வழங்கும் பொருள். ஆகவே பொடி முழுவதும் ஒரே கணத்தில் குப்பென்று எரிந்து பெரும் ஒளி தந்தது. புகைப்படக்காரர் காமிராவின் மூடியைத் திறந்து வைப்பார். தட்டில் உள்ள பொடியைப் பற்ற வைப்பார். ஒளி அடங்கியதும் மூடியை மூடுவார்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர், நியூயார்க் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்து இந்தப் பொடியின் உதவியால் படங்கள் எடுத்தார். ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்திருந்த கூலியாட்களையும் தெருவில் உறங்கிய சிறுவர்களையும் வசதி படைத்தவர்கள் முதன்முறையாகப் பார்த்தனர். 1890இல் அவருடைய நூல் வெளிவந்தது. வீடற்றோர் இரவில் தங்கிய காவல் நிலையக் கொட்டடிகள் மிக மோசமாக இருந்ததை அவர் இடைவிடாது எடுத்துரைத்தார். 1896இல் தியோடர் ரூஸ்வெல்ட் அவற்றை மூடச் செய்தார். வெளிச்சம் பட்டால்தானே அழுக்கு தெரியும்!

ஆனால் இந்தப் பொடியினால் ஆபத்தும் மிகுதி. ரீஸ் அவர்களே இரண்டு முறை வீட்டிற்கும் ஒரு முறை தமக்கும் தீ வைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். பொடி எரிந்த பின் அறை முழுவதும் வெண்புகை சூழ்ந்துகொள்ளும். நெருப்பு வேண்டும், ஆனால் அது வெளியே பாயக் கூடாது. இதற்கு என்ன வழி?

கண்ணாடிக்குள் அடைபட்ட நெருப்பு

வழி எளிமையானது. நெருப்பைக் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்துவிட்டால் போதும். 1920களில் ஜெர்மனியில் பவுல் பீர்க்கோட்டர் இம்முயற்சியில் ஈடுபட்டார். யோஹன்னஸ் ஆஸ்டர்மையர் அதைச் செம்மைப்படுத்தினார். 1929இல் 'வாக்குபிளிட்ஸ்' என்ற பெயரில் அந்தப் பல்பு விற்பனைக்கு வந்தது. 'பிளிட்ஸ்' என்றால் ஜெர்மன் மொழியில் மின்னல். அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய பல்புகள் விற்கப்பட்டன.

தோழியரே, இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். வீட்டிலிருந்த பழைய குண்டு பல்பும் இந்தப் பல்பும் பார்வைக்கு ஒன்று போல் இருந்தாலும் குணத்தில் நேர் எதிரானவை. குண்டு பல்பில் இழை எரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஆக்ஸிஜனை வெளியேற்றிவிடுவார்கள். பிளாஷ் பல்பில் எரிய வேண்டும் என்பதற்காகவே தூய ஆக்ஸிஜனை நிரப்புவார்கள். முன்னது மின்சாரத்தால் சூடேறி ஒளிர்வது. பின்னது உண்மையிலேயே தீப்பற்றி எரிவது. சுருங்கச் சொன்னால் பிளாஷ் பல்பு என்பது விளக்கே அன்று. கண்ணாடிக்குள் அடைக்கப்பட்ட ஒரு சிறு தீ.

அதன் உட்பகுதிகள் பின்வருமாறு:

1. கண்ணாடிக் குமிழ். வெப்பத்தால் கண்ணாடி உடைந்து சிதறாமலிருக்க அதன் மேல் பிசின் போன்ற ஒரு மேற்பூச்சு உண்டு. தாத்தாவின் கட்டியில் நான் கண்ட கொப்புளங்கள் இந்தப் பூச்சு வெந்ததால் ஏற்பட்டவையே.

2. உலோக இழைகள். முதலில் கசங்கிய அலுமினியத் தாளை வைத்தனர். பிற்காலத்துச் சிறிய பல்புகளில் ஜிர்கோனியம் என்ற உலோகத்தை மெல்லிய இழைகளாகச் சீவி அடைத்தனர்.

3. ஆக்ஸிஜன் வாயு.

4. பற்ற வைக்கும் பகுதி. மெல்லிய கம்பி ஒன்றின் முனையில் எளிதில் தீப்பற்றும் பசை தடவப்பட்டிருக்கும். காமிராவில் உள்ள பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சூடேறும், பசை பற்றிக்கொள்ளும், பொறிகள் இழைகளின் மேல் தெறிக்கும். அவ்வளவுதான், குமிழ் முழுவதும் ஒளிமயம்!

இழைகளாகச் சீவுவது ஏன்? அம்மா விறகு அடுப்பு மூட்டும்போது பெரிய கட்டையை முதலில் வைப்பதில்லை. சுள்ளியையும் சிராயையும்தான் வைப்பார்கள். சிறு துண்டுகளுக்கு மேற்பரப்பு அதிகம். எனவே ஆக்ஸிஜனோடு சேரும் இடமும் அதிகம். உலோகமும் அப்படியே. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்கே. குமிழுக்குள்ளோ முழுவதும் ஆக்ஸிஜன். மெல்லிய இழையும் தூய ஆக்ஸிஜனும் சேர்ந்தால் எரிதல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இதன் வேதியியல் சமன்பாட்டைச் சொற்களில் எழுதினால்:

ஜிர்கோனியம் + ஆக்ஸிஜன் → ஜிர்கோனியம் ஆக்ஸைடு + வெப்பம் + ஒளி

இது மீளா வினை. ஆக்ஸைடைத் திரும்பவும் உலோகமாக்கிக் குமிழுக்குள் அடைக்க நம்மால் இயலாது. ஆகவேதான் ஒரு பல்புக்கு ஒரே ஒரு ஒளி. இந்த ஜிர்கோனியத்தின் தாது நமக்கு அந்நியமானதன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் 'ஜிர்கான்' என்ற பெயரில் அது கிடைக்கிறது.

பல்புகளைத் தயாரித்தவர்கள் இன்னொரு நுட்பமும் செய்திருந்தனர். பல பல்புகளின் உள்ளே ஒரு சிறு நீலப் புள்ளி இருக்கும். அது கோபால்ட் உப்பு. குமிழில் கீறல் விழுந்து வெளிக்காற்று புகுந்துவிட்டால், காற்றின் ஈரம் பட்டு நீலம் இளஞ்சிவப்பாக மாறிவிடும். புள்ளி சிவந்திருந்தால் அந்தப் பல்பைப் பயன்படுத்தக் கூடாது, எரியும்போது வெடிக்கலாம். வண்ணப் பிலிம் வந்த பிறகு பல்புகளுக்கு நீலப் பூச்சுக் கொடுத்தனர். ஏனெனில் எரியும் உலோகத்தின் ஒளி சூரிய ஒளியைவிடச் சற்று மஞ்சளானது. நீலப் பூச்சு அந்த மஞ்சளைக் குறைத்துப் பகல் வெளிச்சம் போல் ஆக்கியது.

முந்திக்கொள்ளும் பல்பு

நம் கண்ணுக்குப் பிளாஷ் ஒரே கணத்தில் நிகழ்வது போல் தெரிகிறது. ஆனால் காமிராவுக்கு அது ஒரு நீண்ட கதை. மின்சாரம் பாய்ந்து, பசை பற்றி, இழைகள் எரிந்து, ஒளி உச்சத்தை அடைய ஏறத்தாழ 20 மில்லி வினாடிகள் ஆகும். காமிராவின் கதவு அதற்குள் திறந்து மூடிவிட்டால் படம் இருட்டாகிவிடும். ஆகவே நல்ல காமிராக்களில் முதலில் பல்பு பற்றிக்கொள்ளும். சிறிது தாமதித்துக் கதவு திறக்கும். பழைய காமிராக்களின் ஓரத்தில் 'எம்' என்றும் 'எக்ஸ்' என்றும் இரண்டு எழுத்துகள் இருப்பதைக் காணலாம். 'எம்' என்பது பிளாஷ் பல்புக்கு. 'எக்ஸ்' என்பது உடனே ஒளிரும் எலக்ட்ரானிக் பிளாஷுக்கு. பந்தயத்தில் மெதுவாக ஓடுபவளுக்குச் சற்று முன்னதாகவே விசில் ஊதுவது போன்ற ஏற்பாடு இது.

நான்கு முகக் கட்டி

ஒவ்வொரு படத்திற்கும் எரிந்த பல்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். எரிந்த பல்போ கொதிக்கும் சூடு. விரல் சுட்டுக்கொள்ளாத புகைப்படக்காரர் அந்நாளில் இருந்திருக்கமாட்டார். இந்தத் தொல்லையைத் தீர்க்க 1965இல் கோடாக், சில்வேனியா நிறுவனங்கள் 'பிளாஷ் கியூப்' என்பதைக் கொண்டுவந்தன. நான்கு சிறு பல்புகள், நான்கு பிரதிபலிப்புத் தகடுகள், ஒரு கனசதுரம். படம் எடுத்துப் பிலிமைச் சுற்றும்போது கட்டியும் 90 பாகை திரும்பிப் புதிய பல்பை முன்னே நிறுத்தும். ஆனால் இதற்கும் பாட்டரி தேவை. பாட்டரி தீர்ந்துபோனால் பல்பு எரியாது.

1970இல் வந்தது 'மேஜிக்யூப்'. தாத்தாவிடம் இருப்பது இதுதான். இதற்குப் பாட்டரியே வேண்டாம்! காமிராவுக்குள் பாட்டரி வைக்கும் இடத்தைத் தேடித் தேடி நான் ஏமாந்ததன் காரணம் பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு பல்பின் அடியிலும் எலிப்பொறியின் வில் போல ஒரு கம்பி முறுக்கி மாட்டப்பட்டிருக்கிறது. காமிராவின் பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறிய முளை கீழிருந்து எழும்பிக் கம்பியை விடுவிக்கும். கம்பி பாய்ந்து ஒரு நுண்ணிய உலோகக் குழாயை அடிக்கும். குழாய்க்குள் இருக்கும் பொருள், பொட்டு வெடியைத் தட்டினால் வெடிப்பது போல், அந்த அடியிலேயே பற்றிக்கொள்ளும். அந்தப் பொறி குமிழுக்குள் பாய்ந்து ஜிர்கோனிய இழைகளை எரிக்கும்.

இந்தக் கட்டிகளிலும் ஒரு குறை இருந்தது. பல்பு காமிராவின் கண்ணுக்கு மிக அருகில் இருந்ததால், ஒளி எதிரில் இருப்பவரின் விழிக்குள் புகுந்து, பின்பகுதியில் உள்ள இரத்த நாளங்களில் பட்டு, நேராகத் திரும்பி வந்தது. வண்ணப் படத்தில் கண்கள் செக்கச் செவேலென்று தெரிந்தன! இதைக் குறைப்பதற்காக 1975இல் 'பிலிப்பிளாஷ்' என்ற உயரமான பட்டை வந்தது. அதில் எரியும் பல்புகள் எப்போதும் மேல்பகுதியில் இருக்கும். மேல் பல்புகள் தீர்ந்ததும் பட்டையைத் தலைகீழாகத் திருப்பிச் செருகுவார்கள்.

ஒளி எட்டாத தூரம்

இனி தாத்தாவின் கேள்விக்கு வருவோம். பல்பு எரிந்தது; பொத்தானும் சரியாக அழுத்தப்பட்டது. பின் ஏன் படம் இருண்டது?

விடை நம் பாடப் பகுதிக்கு மிக அருகிலேயே இருந்தது. ஒளி மூலத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல, ஒளி பரந்து விரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அது விழும் பரப்பு நான்கு மடங்காகிறது. எனவே ஓரிடத்தில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது. தூரம் மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதுவே எதிர்விகித இருமடி விதி. தோசை மாவு நினைவுக்கு வருகிறதா? ஒரே கரண்டி மாவைச் சிறிதாக ஊற்றினால் தடிமன். பெரிதாகத் தேய்த்தால் காகிதம் போல் மெல்லிசு. மாவு குறையவில்லை, பரப்புத்தான் கூடியது.

எளிய கட்டிக் காமிராக்களில் பிளாஷ் படத்திற்கு ஏற்ற தூரம் ஏறத்தாழ 4 அடி முதல் 9 அடி வரைதான். தாத்தா அன்று எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டேன். "நாலாவது வரிசை, தூண் ஓரம்" என்று தயங்காமல் சொன்னார். மறுநாள் உடற்பயிற்சி ஆசிரியையிடம் அளவு நாடா வாங்கி, நானும் என் தோழி ஒருத்தியும் நம் பள்ளி அரங்கில் அளந்தோம். தூணிலிருந்து மேடையின் நடுப்பகுதி வரை 36 அடி!

கணக்கைப் பாருங்கள். 36 அடி என்பது 9 அடியின் நான்கு மடங்கு. நான்கின் இருமடி பதினாறு. ஆகவே மேடையில் நின்ற அத்தையின் மேல், படத்திற்கு வேண்டிய ஒளியில் பதினாறில் ஒரு பங்குதான் விழுந்தது. அதே நேரத்தில் தாத்தாவுக்கு முன் வரிசையில் 3 அடி தூரத்தில் இருந்தவர்களின் தலைகளில் ஒன்பது மடங்கு ஒளி விழுந்தது. அதனால்தான் அவை சுண்ணாம்பு போல் வெளுத்தன. சிலம்பு மட்டும் ஏன் தெரிந்தது? துணியும் முகமும் தம் மேல் விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன. பளபளக்கும் உலோகமோ கண்ணாடி போல் ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. அந்தத் திசையில் தற்செயலாகத் தாத்தாவின் காமிரா இருந்தது.

அன்று அத்தையின் முகம் தெரிய வேண்டுமானால் பதினாறு பல்புகள் ஒரே கணத்தில் எரிந்திருக்க வேண்டும். இது நடக்காத காரியமன்று. அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற புகைப்படக் கலைஞர், மறைந்துகொண்டிருந்த நீராவி ரயில்களை 1955 முதல் 1960 வரை இரவு நேரங்களில் படம் எடுத்தார். 1956இல் எடுத்த புகழ்பெற்ற ஒரு படத்திற்கு 40க்கும் மேற்பட்ட பிளாஷ் பல்புகளை ஆங்காங்கே நிறுத்தி, ஓடும் ரயில் கடந்த கணத்தில் ஒன்றாக எரித்தார். ரயில் அவருக்காக நிற்காது. பல்பும் இரண்டாம் முறை எரியாது. அத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு கணத்திற்காக! ஆனால் தாத்தாவிடம் இருந்தவையோ இரண்டே பல்புகள்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தாத்தாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அப்படியானால் நான் தப்பாக அழுத்தவில்லை" என்றார். "இல்லை, தாத்தா. ஒளிதான் அவ்வளவு தூரம் போகவில்லை" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை உன் அத்தைக்குச் சொல்லு" என்றார்.

பல்பு விடைபெற்ற கதை

இத்தனை புகழோடு இருந்த பிளாஷ் பல்பு இப்போது எங்கே? அதற்குப் போட்டியாக வந்தது எலக்ட்ரானிக் பிளாஷ். 1931இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜர்டன் அதற்கு வழிகாட்டினார். இதில் எதுவும் எரிவதில்லை. மின்தேக்கி ஒன்றில் மின்சாரம் சேமிக்கப்படுகிறது. பொத்தானை அழுத்தியதும் செனான் போன்ற வாயு நிரம்பிய குழாய் வழியே அது முழுவதும் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது, வாயு ஒளிர்கிறது. எரிந்து தீர்ந்துபோக ஒன்றுமில்லாததால் ஒரே குழாய் ஆயிரக்கணக்கான முறை பயன்படும். தொடக்கத்தில் இது பெரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தது. 1975இல் கோனிகா நிறுவனம் எலக்ட்ரானிக் பிளாஷை உள்ளேயே அமைத்த சிறிய காமிராவை வெளியிட்டது. அதன் பின் ஒருமுறை எரியும் பல்பு படிப்படியாக மறைந்தது. தாத்தாவின் காமிராவுக்குரிய பிலிமைக் கோடாக் நிறுவனமும் 1999இல் நிறுத்திவிட்டது. இன்று கைபேசியில் நாம் காணும் 'பிளாஷ்' இவ்விரண்டும் அன்று. அது ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு.

முடிவுரை

பொங்கல் விடுமுறையில் அத்தை வந்திருந்தார்கள். நான் எழுதிய கணக்குத் தாளை மேசையில் விரித்து வைத்தேன். அத்தை அதைப் பார்த்தார்கள். கறுப்புப் படத்தைப் பார்த்தார்கள். பிறகு தாத்தாவைப் பார்த்தார்கள். "இத்தனை வருஷமா உங்களைக் கேலி பண்ணிக்கிட்டிருந்தேனே, அப்பா!" என்றார்கள். "அதனால என்ன? சிலம்பு விழுந்திருக்கே" என்றார் தாத்தா.

நான்காவது பல்பை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. எரித்துப் பார்க்கலாம் என்று தம்பி துள்ளினான். சிஸ்டரிடம் கேட்டேன். பழைய பல்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம், எரித்தால் உடைந்து சிதறலாம், வேண்டாம் என்று சொன்னார்கள். ஆகவே அது மீண்டும் பஞ்சுக்குள் போய்விட்டது. தோழியரே, உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய பல்போ கட்டியோ கிடைத்தால் விளையாட்டாக எரித்துப் பார்க்காதீர்கள். அவற்றுக்கு அருகில் இருக்கும் படங்களை எடுத்து வந்து, பெரியவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்தப் படங்களில் எல்லோரும் ஏன் விறைப்பாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதும் உங்களுக்குப் புரியும். அந்த ஒளி ஒரே ஒரு முறைதான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலை அத்தையையும் தாத்தாவையும் திண்ணையில் உட்கார வைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். நான் பொத்தானைத் தொடுவதற்கு முன் தாத்தா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எத்தனை அடி, பாப்பா?"

"ஆறு அடி, தாத்தா."

"அப்ப சரி" என்று சொல்லி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.